பழைய டிராக்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உழவுக்கும் பார இழுவைக்கும் டிராக்டர் இன்றியமையாத எந்திரமாகிவிட்டது. ஆனால் புது டிராக்டரும் அதற்கேற்ற டிரெய்லரும் வாங்குவதற்கு ஆகும் முதலீடு எல்லா விவசாயிகளுக்கும் கட்டுப்படியாவதில்லை. எனவே பலரும் பழைய டிராக்டரை நாடுகின்றனர். இதில் தவறேதும் இல்லை. நல்ல கையில் இருந்த டிராக்டர் பத்தாண்டு கழித்தும் குறைவின்றி உழைக்கும். கெட்ட கையில் இருந்ததோ நான்கே ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். இரண்டிற்கும் ஒரே சிவப்பு வண்ணத்தைப் பூசி ஒரே கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

இக்கட்டுரை, கரும்பு, நெல், எரு, காய்கறி போன்றவற்றை டிரெய்லரில் ஏற்றி இழுப்பதை முக்கிய வேலையாகக் கொண்டு டிராக்டர் வாங்க எண்ணும் விவசாயிகளுக்காக எழுதப்படுகிறது. உழவுக்கு மட்டும் வாங்குவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்கத்தான் வேண்டுமா?

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, மூன்று இலட்சம் ரூபாய்க்கு ஒரு டிராக்டரை வாங்கி, ஐந்து ஆண்டுகள் கழித்து ஒன்றரை இலட்சத்திற்கு விற்பதாக வைத்துக் கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 30,000 ரூபாய். இடைப்பட்ட முதலான இரண்டேகால் இலட்சத்திற்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் 22,500 ரூபாய். காப்பீடு, டயர், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 40,000 ரூபாய் ஒதுக்குங்கள். ஆக, டீசலும் ஓட்டுநர் கூலியும் சேராமலேயே ஆண்டுக்கு 92,500 ரூபாய் ஆகிறது. ஆண்டில் 500 மணி ஓட்டினால் மணிக்கு 185 ரூபாய். 200 மணி மட்டுமே ஓட்டினால் மணிக்கு 462 ரூபாய்க்கும் மேல்.

இந்தத் தொகைகளுக்குப் பதிலாக உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். வரும் தொகையுடன் டீசலையும் கூலியையும் சேர்த்து, உங்கள் ஊர் வாடகையுடன் ஒப்பிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை வாடகைக்குத் தருகிறது. நான்கைந்து ஏக்கர் மட்டும் வைத்துக் கொண்டு, வெளி வேலைக்கு ஓட்டும் எண்ணமும் இல்லாதவருக்கு வாடகையே மலிவாக இருக்கும். அண்டை வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்பது டிராக்டர் வாங்கக் காரணமாகாது.

குதிரைத் திறனும் எடையும்

டிரெய்லர் இழுப்பதற்கு எத்தனை குதிரைத் திறன் வேண்டும் என்று கேட்போர் பலர். டிராக்டர் எத்தனை கிலோ எடை உள்ளது என்று கேட்போர் சிலரே. சமதளத் தார்ச்சாலையில் 35 குதிரைத் திறன் உள்ள டிராக்டர் பெரிய பாரத்தையும் இழுத்துவிடும். அதே பாரத்தை நிறுத்துவதுதான் கடினம். 35 முதல் 50 குதிரைத் திறன் வரையுள்ள டிராக்டர்களின் எடை பெரும்பாலும் 1,700 முதல் 2,200 கிலோ வரை இருக்கும். பின்னால் வரும் டிரெய்லரும் பாரமும் சேர்ந்து ஆறு டன் என்றால், பிரேக் இல்லாத அந்த ஆறு டன்னையும் இரண்டு டன் எந்திரத்தின் பின் சக்கரங்கள் இரண்டுமே பிடித்து நிறுத்தியாக வேண்டும்.

சரிவில் இது இன்னும் கடுமையாகும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் ஆறு டன் பாரம் ஏறத்தாழ 600 கிலோ விசையுடன் டிராக்டரைப் பின்னோக்கி இழுக்கும். அதே சரிவில் இறங்கும்போது அதே 600 கிலோ முன்னோக்கித் தள்ளும். உங்கள் வயலிலிருந்து சாலைக்கு வரும் வழியில் ஏரிக்கரை ஏற்றமோ, ஓடையில் இறங்கி ஏறும் பாதையோ இருந்தால், குதிரைத் திறன் சற்றுக் கூடிய, எடை மிகுந்த டிராக்டரையே தேடுங்கள். வழியெல்லாம் சமதளமாக இருந்து பாரமும் இரண்டு மூன்று டன்னுக்குள் அடங்கினால் 35 குதிரைத் திறனே போதும். பெரிய எஞ்சினுக்கு வீணாக டீசல் ஊற்ற வேண்டியதில்லை.

உதிரி பாகம் கிடைக்குமா?

உங்கள் வட்டாரத்தில் எந்த நிறுவனத்தின் டிராக்டர் அதிகம் ஓடுகிறதோ அதையே வாங்குவது நல்லது. உள்ளூர் மெக்கானிக்கின் கை அதில் பழகியிருக்கும். பாகமும் அன்றைக்கே கிடைக்கும். எச்.எம்.டி. டிராக்டர்கள் உறுதியானவை என்று பெயர் பெற்றவை. இன்றும் சில ஊர்களில் அவை உழைத்துக் கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூடுவதென 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. விலை மலிவு என்று அத்தகைய டிராக்டரை வாங்குவோர், பாகங்கள் விற்கும் கடையை முதலில் விசாரித்துக் கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒரு கியர் சக்கரத்துக்காகப் பத்து நாள் காத்திருந்தால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

மிக அண்மைய மாடல்களில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 சனவரி முதல் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கேற்ப வந்த எஞ்சின்களில் டீசல் செலுத்தும் அமைப்பு மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவது. இதைப் பழுது பார்க்கக் கணினிக் கருவி உள்ள பணிமனை வேண்டும். ஊர்ப் பட்டறையில் நாசிலைக் கழற்றிப் பார்த்துச் சரி செய்ய இயலாது.

முன்பு என்ன வேலை செய்தது?

மணிமானியை மட்டும் நம்ப வேண்டாம். கம்பி மூலம் ஓடும் பழைய மணிமானி, குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் எஞ்சின் ஓடினால்தான் ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். கம்பி அறுந்து ஆண்டுக் கணக்கில் நின்றிருந்தாலும், மாற்றப்பட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பொறியியல் கணக்குகளில் டிராக்டரின் ஆயுளைப் பத்து ஆண்டு அல்லது 10,000 மணி என்று வைத்துக் கொள்வது வழக்கம். எட்டு வயது டிராக்டர் 1,500 மணிதான் ஓடியிருக்கிறது என்றால், கிளட்ச் மிதியின் ரப்பரையும் இருக்கையையும் ஸ்டீரிங் சக்கரத்தின் விளிம்பையும் பாருங்கள். அவை மழுங்கித் தேய்ந்திருந்தால் மணிமானி பொய் சொல்லுகிறது.

ஒவ்வொரு வேலையும் டிராக்டரில் தன் தடத்தை விட்டுச் செல்லும். சேற்றுழவில் பல ஆண்டுகள் ஓடியதில் பின் அச்சின் ஆயில் சீல்கள் கெட்டிருக்கும். சக்கர வட்டுகளின் உட்புறம் துருவேறியிருக்கும். கியர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். செங்கல் சூளையிலும் மணல், கல் ஏற்றுவதிலும் ஓடியதில் பின் டயர்ப் பட்டைகள் நடுவில் வழுவழுவென்று தேய்ந்து, கொக்கியின் துளை வட்டம் மாறி நீண்டு போயிருக்கும். என் கருத்தில் இந்த இரண்டாம் வகையை இழுவை வேலைக்கு வாங்காமல் இருப்பதே மேல். அதன் கிளட்ச், கியர், பிரேக் ஆகிய மூன்றும் ஒருசேர முடியும் தறுவாயில் இருக்கும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள்

விற்பவரிடம், தாங்கள் வரும் வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். காலை நேரத்தில் செல்லுங்கள். போனவுடன் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளப்புவதில் ஏதோ தொல்லை இருக்கிறது என்று கொள்ளலாம். வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

கிளப்புவதற்கு முன்பே பாதி உண்மை தெரிந்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆயில் அளவு கம்பியை உருவி, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் நீரும் ஆயிலும் உள்ளே கலக்கின்றன. அடுத்து, காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தில் விரலால் தடவிப் பாருங்கள். இதைச் செய்வோர் மிகக் குறைவு. ஆனால் இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை. விரலில் மணல் ஒட்டினால் வடிகட்டியைத் தாண்டி எஞ்சின் புழுதியைக் குடித்திருக்கிறது. லைனரும் பிஸ்டன் வளையங்களும் அரம் போட்டதுபோல் தேய்ந்திருக்கும்.

இப்போது எஞ்சினைக் கிளப்புங்கள். நல்ல எஞ்சின் சில சுற்றுகளிலேயே பிடித்துக் கொள்ளும். தொடக்கத்தில் சற்று வெண்புகை வருவது இயல்பே. சூடேறிய பின்னும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நின்றபாடில்லை என்றால் டீசல் முழுதும் எரியாமல் போகிறது, அல்லது நீர் உள்ளே இறங்குகிறது. பாரம் இழுக்கும்போது மட்டும் கரும்புகை வந்தால் நாசில், பம்பு, காற்று வடிகட்டி ஆகியவற்றில் குறை. இது ஓரளவு செலவில் தீரும். இதற்காக மட்டும் டிராக்டரைக் கழித்துவிட வேண்டாம், விலையில் கழித்துக் கொள்ளலாம்.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வரலாம். ரயில் எஞ்சின்போல் புகை குப்புக் குப்பென்று தள்ளினால், பிஸ்டனைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது என்று பொருள். எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன், வளையங்கள் மாற்றும் பெரிய வேலை காத்திருக்கிறது. இந்தக் குறையை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி வைப்பதும் உண்டு. அதனால்தான் குளிர்ந்த எஞ்சின் காட்டும் ஆயில் அழுத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அரை மணி நேரம் உழுது சூடேறிய பின், மெதுவாக ஓடவிட்டு, அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முள் கீழே விழுந்து கிடந்தால் பேரிங்குகள் தேய்ந்துள்ளன. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

கிளட்சும் கியரும்

சமதளத்தில் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை நன்றாக அழுத்திக் கொண்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக் கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. தட்டை மாற்ற டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால் பாகத்தின் விலையைவிடக் கூலி கனமாக விழும்.

கியர் சோதனையைப் பாரமின்றிச் செய்வதில் பயனில்லை. பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டி, ஏதேனும் ஒரு சிறு சரிவில் தாழ்ந்த கியரில் மெல்ல இறங்கிப் பாருங்கள். பாரம் தள்ளும்போது கியர் தானாகக் கழன்று விழுந்தால் அந்த டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். விலையைக் குறைப்பதாகச் சொன்னாலும் வேண்டாம். சரிவில் கியர் கழன்ற டிராக்டருக்கு எஞ்சின் தரும் பிடிப்பு முழுவதும் போய்விடும்.

கியர் பெட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. இரவு முழுவதும் அசையாமல் நின்ற டிராக்டரின் அடித் திருகை விடியற்காலையில் சற்றே தளர்த்துங்கள். நீர் ஆயிலைவிடக் கனமானதால் அடியில் தங்கியிருக்கும். முதலில் வடிவது நீராகவே இருக்கும். எஞ்சினுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள வார்ப்பு இரும்பு உறைகளில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்றும், டார்ச் விளக்கு அடித்து, கீழே படுத்துப் பாருங்கள். வேட்டி அழுக்காகும் என்று பார்க்காதீர்கள். பழுப்பு நிறத்தில் ஓர் இடத்தில் மட்டும் புது வண்ணம் இருந்தால் அங்கே சுரண்டிப் பாருங்கள்.

ஹைட்ராலிக்கைப் பொறுத்தவரை, கலப்பையை முழுவதும் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிறிது இறங்குவது பரவாயில்லை. ஓரிரு நிமிடத்தில் தரையைத் தொட்டால் உள்ளே கசிவு மிகுதி. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தால் கிங்பின், பேரிங் ஆகியவற்றின் தேய்மானம் கையிலேயே தெரியும்.

பிரேக்

உழவில் திரும்புவதற்காக டிராக்டரில் இடது வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் இருக்கின்றன. சாலையில் செல்லும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி ஒன்றும் இருக்கும். பழைய டிராக்டர் பலவற்றில் இந்தக் கொக்கி உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும். பாரத்துடன் வேகமாகச் செல்கையில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்து, பின்னால் வரும் டிரெய்லர் தள்ள, குறுக்கே மடங்கிவிடும். பூட்டுக் கொக்கி இல்லையெனில் முதல் நாளே போட்டுக் கொள்ளுங்கள். செலவு மிகச் சொற்பம்.

இரு பிரேக்குகளும் சமமாகப் பிடிக்கின்றனவா என்று அறிய, ஆளரவமற்ற மண் தரையில் மிதிகளைப் பூட்டி, டிரெய்லரின்றி மிதமான வேகத்தில் ஓட்டிப் பிரேக் பிடியுங்கள். இறங்கி வந்து, பின் சக்கரங்கள் இழுத்த தடங்களை அடியால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் இருந்தால் சரி செய்யாமல் பாரம் இழுக்கக் கூடாது. வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். சரிவில் இறங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். டீசல் மிச்சமாகிறது என்று நியூட்ரலில் இறங்குவோர், பிரேக் ஒன்றை மட்டும் நம்பி ஆறு டன்னை இறக்குகின்றனர்.

கொக்கியின் உயரம்

பழைய டிராக்டர் வாங்குவோர் கொக்கியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து இங்குதான் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

டிராக்டர் இழுக்கும்போது பின் அச்சே அதன் சுழலும் மையம். அச்சின் மட்டத்திற்குக் கீழே கொக்கி இருந்தால், இழுவை முன் சக்கரங்களைத் தரையோடு அழுத்தியே வைக்கும். அச்சுக்கு மேலே, எடுத்துக்காட்டாக மேல் இணைப்புத் தண்டு மாட்டும் இடத்தில் சங்கிலியைக் கட்டி இழுத்தால், முன்புறம் கிளம்பி டிராக்டர் பின்னோக்கிக் கவிழும். இது ஓரிரு விநாடிகளில் நடந்து முடிந்துவிடும்; கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது. கவிழும் டிராக்டரின் அடியில் ஓட்டுநர் அகப்படுவார். அவரைக் காக்கும் உறுதியான இரும்பு வளைவு நம் ஊர்ப் பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் இராது. வெயிலுக்காகப் போடும் மேற்கூரை அந்த வேலையைச் செய்யாது.

சேற்றில் சிக்கிய டிராக்டரை மீட்கப் பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. சக்கரம் சுழல முடியாமல் நின்றுவிட்டால் எஞ்சினின் விசை டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். இதைச் செய்யாதீர்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, மண்ணை வெட்டிவிட்டு, பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுங்கள்.

இரு சக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பகுதி கொக்கியின் மேல் இறங்கும். இதனால் பின் சக்கரங்களுக்குப் பிடிப்புக் கூடும். முன் சக்கரங்கள் இலேசாகும். ஏற்றத்தில் ஸ்டீரிங் பிடிக்காமல் மிதப்பதுபோல் இருந்தால் காரணம் இதுவே. டிரெய்லரின் பின்பகுதியில் மட்டும் பாரத்தைக் குவித்தால் கொக்கியை மேலே தூக்கப் பார்க்கும். அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் விழுமாறு ஏற்றுங்கள். வாங்கும் டிராக்டரின் முன்புறத்தில் எடைக் கட்டிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பலர் அவற்றைத் தனியே விற்றுவிடுகின்றனர்.

கொக்கித் துளை நீண்டிருந்தால் தட்டை மாற்றுங்கள். அதில் தகட்டை வைத்து வெல்டிங் செய்வது போதாது. கொக்கி ஊசிக்குக் கம்பித் துண்டையோ பழைய போல்ட்டையோ செருகாமல், பூட்டுள்ள சரியான ஊசியைப் போடுங்கள். கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் இருக்கட்டும். கழன்ற டிரெய்லர் எந்தப் பக்கம் போகும், யார் மேல் ஏறும் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆவணங்கள்

எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் பதிவுச் சான்றில் உள்ளவற்றுடன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் பெற்று வாங்கிய டிராக்டராக இருந்தால் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். கடன் தீர்ந்ததற்கு வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-ஐப் பெறாமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29-உம் 30-உம் வேண்டும். வேறு மாநில வண்டியானால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் நிறுவனத்திற்கு எழுத வேண்டும்.

டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. அதன் காப்பீட்டையும் தனியே கேட்டுப் பாருங்கள். டிராக்டரின் தாள்களை மட்டும் வாங்கிக் கொண்டு வந்துவிட வேண்டாம். டிரெய்லரில் களையெடுக்கவும் நடவுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழக்கூடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

விற்றவர் நேற்றுதான் ஆயில் மாற்றியதாகச் சொன்னாலும், எஞ்சின் ஆயில், ஆயில் வடிகட்டி, டீசல் வடிகட்டிகள் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். எண்ணெய்த் தொட்டி வகைக் காற்று வடிகட்டியானால் பழைய எண்ணெயைக் கொட்டி, அடியில் படிந்த சேற்றைக் கழுவிப் புது எண்ணெயைக் குறிப்பிட்ட அளவு வரை ஊற்றுங்கள். கியர் பெட்டி ஆயிலையும் வடித்து மாற்றுங்கள். வடித்த ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் ஊற்றிக் காந்தத்தால் துழாவினால், இரும்புத் துகள் எவ்வளவு என்பது தெரியும். மாவுபோல் சிறிது ஒட்டினால் இயல்பான தேய்மானம். சில்லு சில்லாக வந்தால் பல் உடைந்திருக்கிறது.

மாற்றிய தேதியையும் மணிமானி அளவையும் ஒரு நோட்டில் குறித்து, கருவிப் பெட்டியிலேயே வைத்திருங்கள். முதல் ஐம்பது மணி வரை தினமும் காலையில் ஆயில் அளவையும் ரேடியேட்டர் நீரையும் பார்த்து அதே நோட்டில் எழுதி வாருங்கள். முதல் மாதத்தில் டிரெய்லரில் பாதிப் பாரம் மட்டும் ஏற்றி, உங்கள் ஊர் ஏற்ற இறக்கங்களில் ஓட்டிப் பழகிய பிறகு முழுப் பாரம் ஏற்றுங்கள்.